வழிப்போக்கரும் வழியோரச் சோறும்

வழி வினவியவனுக்கு ஊரைச் சுட்டுவதோடு அமையாது, அவ்வூரில் உணவு கிடைக்கும் வாயிலையும் சேர்த்துச் சுட்டுதல் தமிழரின் தொன்மையான வழக்கமாகும். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை அவ்வழக்கத்தின் மீதே எழுந்தது. வள்ளலொருவனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்குத் தான் சென்ற வழியையும், அவ்வழியில் உண்ட உணவையும் எடுத்துரைப்பது அந்நூல்களின் அமைப்பு. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியை மூன்று ஊர்களின் வாயிலாகக் காட்டுகின்றது. கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும். வேட்டுவர் வாழும் வேலூரில் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். உழவர் வாழும் ஆமூரில் குற்றிய அரிசிச் சோறும் நண்டும் கிடைக்கும்.

நிலம் மாறினால் உணவும் மாறும். ஒரு நிலத்தில் விளைவதை அந்நிலத்திலேயே உண்பவன்தான் அவ்வழியை முழுமையாகக் கண்டவன் என்னும் கருத்து இப்பகுதிகளில் பொதிந்து கிடக்கின்றது. அவ்வுணவுக்கு எங்கும் விலை கூறப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. பாணன் பெற்றது விருந்து. இன்றைய வழிப்போக்கன் பெறுவது விலைச்சோறு. விருந்து எவ்வாறு விலைச்சோறாயிற்று? அம்மாற்றத்தில் மக்கள் இழந்தது யாது, பெற்றது யாது? இவ்வினாக்களை ஆராய்வதற்கு இலங்கையின் கீழ்கரையில் அமைந்த ஈச்சிலம்பற்று நல்லதோர் இடமாகும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் கரையோரத்தில், மூதூருக்கும் வெருகலுக்கும் இடையே ஈச்சிலம்பற்று உள்ளது. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை, கடலை அணுகும்போது கிளைத்துப் பிரிகின்றது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவிற் கலக்க, வெருகல் ஆறு எனப்படும் மற்றொரு கிளை தெற்கே விலகிச் சென்று கடலை அடைகின்றது. கிழக்கே கடலும் களப்பும், மேற்கே வயலும் காடும் சூழ்ந்த நிலம் இது. களப்பில் இறாலும் நண்டும் உண்டு. வயலில் நெல் விளைகின்றது. காட்டில் தேன் கிடைக்கின்றது. மேய்ச்சல் தரையிலே எருமை மேய்வதால் சட்டித் தயிருக்குக் குறைவில்லை. வெருகல், வாகரைப் பகுதிகளில் தமிழ் பேசும் வேடர் குடியினர் இன்றும் வாழ்கின்றனர். 1911இல் வேடரைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட செலிக்மன் என்னும் ஆய்வாளர், கீழ்கரையில் வாழும் இம்மக்களைக் கரையோர வேடர் எனத் தனியே பிரித்து எழுதினார். ஆற்றுப்படைப் புலவர் காட்டிய நெய்தலும் முல்லையும் மருதமும் இங்கு ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடுகின்றன.

இவ்வழியிற் பன்னெடுங்காலம் நடந்தவர் யாத்திரிகரே. வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர், முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை ஆகிய இடங்களைக் கடந்து, யால வனத்தின் ஊடாகத் தென்கோடியை அடைவர். வெருகலிலுள்ள சித்திரவேலாயுத சுவாமி கோயில் அவர்கள் தங்கும் இடங்களுள் ஒன்று. இவ்யாத்திரிகர் கையிற் பணம் வைத்துக்கொண்டு புறப்பட்டவரல்லர். ஊரவர் அளிக்கும் அன்னத்தை நம்பியே நடந்தனர். இன்றும் பெரும்பாலும் அவ்வாறே நடக்கின்றனர். அன்னதானமும் தண்ணீர்ப்பந்தலும் சுமைதாங்கியும் மடமும் தமிழர் வாழும் இடமெங்கும் இக்கடமையின் அடையாளங்களாயின. மடம் அழிந்த பின்னரும் மடத்தடி என்னும் இடப்பெயர் நிலைத்து நிற்கும் ஊர்கள் பல உள.

அந்நியனுக்கும் இப்பகுதியில் அவ்வகை உணவு கிடைத்தது என்பதற்குச் சரித்திரச் சான்று ஒன்றுண்டு. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. 1660 ஏப்ரலில், அதன் தலைவரும் அவர் மகன் ரொபேட் நொக்சும் வேறு பலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்படுத்தப்பட்டனர். சிறைப்பட்டவர்கள் உள்நாட்டு ஊர்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு நாள்தோறும் இருவேளை உணவை ஊரவர் தம் செலவிலேயே அளிக்க வேண்டும் என்பது அரச கட்டளை. தந்தை 1661இல் காய்ச்சலால் இறந்தார். மகன் 19 ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்து, தொப்பி பின்னி விற்றும் நெல் கடன் கொடுத்தும் பிழைத்து, 1679இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல் இந்நாட்டு மக்களின் உணவையும் உழவையும் பற்றி நிரம்பக் கூறுவது. மூதூரில் அவர்கள் பிடிபட்ட இடம் எனக் கருதப்பட்ட புளியமரத்தடியில் 1893இல் ஒரு கல் நாட்டப்பட்டது. வெள்ளைக்காரன் மரம் என்று அதனை மக்கள் வழங்கினர்.

நொக்சின் கதையிலே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கைதியாயினும் அவருக்குச் சோறு கிடைத்தது. ஆனால் அச்சோற்றை வேண்டாம் எனவோ, வேறு வேண்டும் எனவோ கூறும் உரிமை அவருக்கு இல்லை. கொடுக்கப்படும் உணவின் இயல்பு இது. கொடுப்பவர் எங்கே இருத்துகின்றாரோ அங்கே இருந்து, எதை இடுகின்றாரோ அதை உண்ணல் வேண்டும். மடங்களிலும் சத்திரங்களிலும் குலமறிந்து இடம் ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. திண்ணையில் இருத்தப்பட்டவரும், முற்றத்தில் இருத்தப்பட்டவரும், படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரும் ஒரே உலையிற் பொங்கிய சோற்றையே உண்டிருக்கலாம். ஒரே நிலையில் உண்ணவில்லை. விருந்தோம்பலின் சிறப்பைப் போற்றும்போது இவ்வேறுபாட்டையும் மறத்தல் ஆகாது.

ஐரோப்பியர் ஆட்சியில் வேறொரு முறை புகுந்தது. இலங்கைத் தமிழர் வாடி வீடு என்று பெயரிட்டழைத்த அரசாங்க விடுதிகள் பெருந்தெருக்களை ஒட்டி அமைக்கப்பட்டன. மூதூரிலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாடி வீடுகள் இருந்தன. சுற்றுப்பயணம் செய்யும் உத்தியோகத்தர்க்கு அங்கே முதலிடம். மேசை, கதிரை, வெண்துணி, சூப்பு, கோழிக்கறி, இறுதியில் இனிப்பு என ஓர் ஒழுங்கு அங்கே நிலவியது. குலத்தைக் கேட்டு இடமளித்த திண்ணைக்குப் பதிலாக, பதவியைக் கேட்டு இடமளித்த வராந்தா வந்தது. வண்டிக்காரனும் மீனவனும் அங்கே பசியாறக் கூடவில்லை. அவர்களுக்கு வேண்டியது, சில்லறைக் காசுக்குச் சூடான உணவு கிடைக்கும் ஓரிடம். அவ்விடத்தை அரசாங்கம் கட்டவில்லை. காத்திருப்போரின் பசியே கட்டிற்று.

திருகோணமலை மட்டக்களப்பு வழி, ஆறுகளாலும் களப்பு வாய்களாலும் வெட்டுண்ட வழி. கிண்ணியா, கங்கை, இறால்குழி, வெருகல் முதலிய துறைகளிற் பாலமின்மையால் பாதையிலேயே கடக்க வேண்டியிருந்தது. பாதை என்று கிழக்கு மாகாணத்தார் கூறுவது, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை. பாதை அக்கரையிலிருந்து மீளும் வரை இக்கரையிற் காத்திருத்தல் வேண்டும். வெள்ளம் பெருகினால் காத்திருப்பு நீளும். காத்திருப்பவனுக்குத் தாகமும் பசியும் உண்டு. தெருவோரக் கடை தோன்றுவதற்கு இதனினும் சிறந்த காரணம் வேண்டியதில்லை. கிடுகு வேய்ந்த கொட்டில், இரண்டு வாங்கு, ஓர் அடுப்பு, ஒரு கேத்தில்: கடையின் முதலீடு இவ்வளவே.

அடுப்பிற் கொதித்த பானமும் காலத்தோடு மாறியது. 1869இல் தொடங்கிய இலை நோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1867இல், ஜேம்ஸ் டெயிலர் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை, பின்னர் நாடெங்கும் பரவியது. 1927இல் புகையிரதம் திருகோணமலையை எட்டிற்று. அடுத்த ஆண்டு மட்டக்களப்பை எட்டிற்று. தேயிலைத் தூளும் சீனியும் கோதுமை மாவும் ஊர்தோறும் சேர்ந்தன. தேத்தண்ணீர் என்னும் சொல், அந்நியப் பானமொன்றைத் தமிழ் மக்கள் எவ்வளவு எளிதிற் சொந்தமாக்கினர் என்பதற்குச் சான்று. தேத்தண்ணீர்க் கடைகளைத் தொடக்ககாலத்தில் நடத்தியோருள் மலையாளத்தார் பலர். முசுலிம்களும் தமிழரும் சிங்களவரும் அத்தொழிலிற் பரவலாக ஈடுபட்டனர். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீர்கொழும்புக் கரையிலிருந்து கீழ்கரைக்கு வந்து வாடியடித்துத் தொழில் செய்த மீனவரும் தம் சமையல் முறைகளைக் கூடவே கொண்டுவந்தனர்.

இரண்டாம் உலகப் போர் இவ்வுணவை மேலும் மாற்றியது. பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாக விளங்கிய திருகோணமலை மீது 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அவ்வாண்டிலேயே பர்மா வீழ்ந்து, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை ஏற்பட்டது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவு மக்களின் அன்றாட உணவாகப் புகுந்தது. கோதுமை விளையாத நாட்டில் ரொட்டியும் பாணும் ஏழையின் உணவானது இங்ஙனமே. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. 1980இல் திருகோணமலையில் மிகப் பெரிய மாவரைக்கும் ஆலை ஒன்று இயங்கத் தொடங்கிற்று. இன்று கீழ்கரைக் கடைகளில் மாலை வேளையில் இரும்புத் தகடுகள் தாளமிட, ரொட்டியைக் கொத்திக் கறியோடு கலந்து ஆக்கும் கொத்து ரொட்டியை அறியாதார் இலர். கொத்து ரொட்டியின் தாயகம் கிழக்கிலங்கையே என்று அம்மாகாணத்தார் உரிமை பாராட்டுவர்.

கடையிலுள்ள பொருள்களின் பெயரைக் கேட்டாலே நாட்டின் வரலாறு ஒருவாறு விளங்கிவிடும். பாண் போர்த்துக்கேயச் சொல். கோப்பை, மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி, குசினி என்பனவும் அம்மொழியின் வழி வந்தனவே. கள் விற்கும் தவறணையும் அவ்வழியதே. சம்பல் மலாய் மொழிச் சொல். தொதல் என்னும் இனிப்பும் மலாய் நாட்டார் வழி வந்தது. சம்பலில் இடிக்கும் மாசிக்கருவாடு மாலைத்தீவிலிருந்து வந்தது. மரவள்ளிக் கிழங்கை 1786இல் மொரீசியசுத் தீவிலிருந்து தருவித்தவர் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் டெ கிராஃப். தமிழனின் உறைப்புக்கு உயிராகிய மிளகாய், கொலம்பசு கண்ட அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது; போர்த்துக்கேயர் வருமுன் இங்கே உறைப்புத் தந்தது மிளகே. மிளகைப் போன்ற காய் என்று பெயர் வைத்து அதனைத் தமிழர் ஏற்றுக்கொண்டனர். நம்முடையது எனப் பெருமை பேசும் ஒரு கவளத்திலே நான்கு கடல்கள் கலந்திருக்கின்றன.

இக்கலப்பின் உயிருள்ள சாட்சிகளாக மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் வாழ்கின்றனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் உள்நாட்டாரோடு கலந்த வழியில் வந்தவர் இவர். தச்சுத் தொழில், கொல்லுத் தொழில், தையற்றொழில் ஆகியவற்றிற் சிறந்த இச்சமூகத்தார், தமிழோடு கிரியோல் எனப்படும் கலப்புப் போர்த்துக்கேய மொழியையும் வீட்டிற் பேசி வந்தனர். திருகோணமலையில் பாலையூற்றுப் பகுதியில் இவர்தம் குடும்பங்கள் உள்ளன. மட்டக்களப்பின் டச்பார்ப் பகுதியில் வாழ்ந்த பறங்கியர் பலர் 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பலியாயினர். ஒல்லாந்தப் பறங்கியரின் லம்பிரைஸ் என்னும் உணவு, இறைச்சிச் சாற்றில் வெந்த சோற்றைக் கறிகளோடும் இறைச்சி உருண்டைகளோடும் வாழையிலையிற் பொதிந்து வெதுப்பி எடுப்பது. பெயர் ஒல்லாந்தம், பொதியும் முறை சாவகத் தீவின் வழி வந்தது, இலையும் சோறும் இலங்கையின. தெருவோரக் கண்ணாடிப் பெட்டியிலுள்ள பற்றிசும் ரோல்சும் ஐரோப்பியர் காலத்தின் எச்சங்களே.

கிரியோல் என்னும் அச்சொல்லைக் கேட்டதும் உலகின் மறுகோடியிலுள்ள லூயிசியானா நினைவுக்கு வரும். ஐக்கிய அமெரிக்காவின் தென்கரையில், மிசிசிப்பி ஆறு கடலிற் கலக்கும் சதுப்பு நிலம் அது. 1755 முதலாகக் கனடாவின் அக்கேடியாவிலிருந்து பிரித்தானியர் துரத்திய பிரெஞ்சுக் குடியானவர்களில் ஒரு பகுதியினர், பத்தாண்டுகளுக்குள் அங்கே வந்து குடியேறலாயினர். அக்கேடியர் என்னும் பெயரே திரிந்து கேஜன் ஆயிற்று. நியூ ஓர்லியன்சு நகரிலோ பிரெஞ்சுக்காரரும் இசுப்பானியரும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரும் கலந்து கிரியோல் சமையலை வளர்த்தனர். கம்போ என்னும் அவர்தம் குழம்பின் பெயர் வெண்டைக்காயைக் குறிக்கும் ஆபிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு மாவை வறுத்துத் தாளிக்கும் முறை பிரெஞ்சுக்காரருடையது. இறுதியில் தூவும் சசபிராசு இலைப்பொடி அந்நாட்டுப் பழங்குடியினருடையது. அக்குழம்பையும் சோற்றோடு சேர்த்தே உண்பர். இறால், நண்டு, சதுப்புநிலம், சோறு என்பவற்றைக் கூட்டிப் பார்த்தால், லூயிசியானாவும் கொட்டியாரமும் தூரத்து உறவினர் போலத் தோன்றும்.

இவ்வுறவு உணவோடு நிற்கவில்லை. லூயிசியானாவுக்குச் செல்லும் பயணி, சிறந்த உணவை உயர்ந்த மண்டபங்களில் மட்டும் தேடுவதில்லை. அரிசியும் பன்றியிறைச்சியும் அடைத்த பூடான் என்னும் உணவு, பலசரக்குக் கடைகளிலும் பெற்றோல் நிரப்பும் நிலையங்களிலும் சூடாக விற்கப்படுகின்றது. அவித்த நன்னீர் இறாலைப் பத்திரிகைத் தாள் விரித்த மேசையிற் கொட்டி, சூழ இருந்து உரித்துண்பர். ஆனால் அச்சூழ இருத்தலிலே யார் யார் சேரலாம் என்பது நெடுங்காலம் தீராத வழக்காயிருந்தது. ஆபிரிக்க வழியினர் சமைத்த உணவை, அவர்களே வெள்ளையர் கடையில் இருந்துண்ண இயலாத காலம் அது. 1960 பெப்ரவரி 1ஆம் நாள் வட கரோலினாவின் கிரீன்சுபரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர் உணவு மேடை முன் அமர்ந்து, பரிமாறும் வரை எழோம் என்றிருந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் நியூ ஓர்லியன்சிலும் அவ்வாறே அமர்ந்தனர். அந்நகரிலே லியா சேசு என்னும் புகழ்பெற்ற சமையற்கலை அம்மையார் நடத்திய உணவுச்சாலையில், கறுப்பரும் வெள்ளையரும் சட்டத்தை மீறி ஒரே மேசையில் இருந்து ஆலோசித்தனர். 1964இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் அந்தத் தடையை நீக்கிற்று.

அதே ஆண்டுகளில் இலங்கையின் வடபகுதியிலும் இதே வழக்கு எழுந்தது. காசு கொடுப்பவன் எவனாயினும் உணவு பெறுவான் என்பது கடையின் அடிப்படை நியதி. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தேநீர்க் கடைகள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே அமர விடப்படவில்லை. வெளியே நின்று வேறு பாத்திரத்திற் குடிக்கும் நிலையிலே அவர்கள் வைக்கப்பட்டனர். காசு ஒன்று, குவளை இரண்டு. சிறுபான்மைத் தமிழர் மகாசபை இக்கொடுமையை எதிர்த்துப் போராடியது. 1957இல் நிறைவேறிய 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாகப் பொதுவிடங்களில் தடை விதிப்பதைக் குற்றமாக்கிற்று. சட்டம் ஏட்டில் இருந்ததேயன்றி வாங்கில் ஏறவில்லை. 1966 முதல் மக்கள் இயக்கம் வலுப்பெற்று, சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்தன. உயிர்களும் பலியாயின. தமிழகத்திலும், 1957இல், உணவுச்சாலைப் பெயர்ப்பலகையிலிருந்த சாதிப் பெயரை நீக்கக் கோரிப் பெரியார் ஈ. வெ. ராமசாமி சென்னைத் திருவல்லிக்கேணியில் மறியல் நடத்தினார்.

இவற்றை ஒருங்கு நோக்கினால் விலைச்சோற்றின் பெருமை புலனாகும். விருந்து அன்பின் வெளிப்பாடு, அதற்கு ஈடில்லை. ஆயினும் அது கொடுப்பவர் விருப்பத்துக்கு உட்பட்டது. விலைச்சோறு உரிமைக்கு உட்பட்டது. குலமும் பதவியும் பரிந்துரையும் இல்லாத ஒருவன், கையிலுள்ள சில நாணயங்களோடு உட்சென்று, பிறரோடு ஒரே வாங்கில் அமர்ந்து, வேண்டியதைக் கேட்டு உண்பதற்கு வழி செய்தது தெருவோரக் கடையே. கடை திறந்திருந்தமையால் மட்டும் அவ்வுரிமை வந்துவிடவில்லை. அதனை மக்கள் அமர்ந்தும் அடிபட்டும் பெற வேண்டியிருந்தது. ஆகவே அந்த வாங்கு வெறும் பலகையாகாது.

ஈச்சிலம்பற்று மக்கள் இவ்விரு வகைச் சோற்றின் அருமையையும் தம் வாழ்விற் கண்டனர். 2004 ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது. 2006 யூலையில் மாவிலாறு அணைக்கட்டை முன்னிட்டு மூண்ட போர், ஊர்களையே பெயர்த்தது. யாத்திரிகரை வரவேற்றுச் சோறிட்ட ஊரவர், அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் தாமே வழிப்போக்கராகி, வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்குச் சென்றனர். அங்கும் போர் தொடர, அவ்வாண்டின் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் மட்டக்களப்புக்குச் சென்று முகாம்களிற் தங்கினர். முகாமிற் கிடைத்தது கொடுக்கப்பட்ட சோறு. வரிசையில் நின்று தட்டை நீட்டியவர்களுக்கு, சொந்த அடுப்பின் பொருளும், காசு கொடுத்து உண்ணும் தேநீரின் பொருளும் முன்னெப்போதையினும் தெளிவாக விளங்கியிருக்கும். 2007இல் அவர்கள் படிப்படியாக ஊர் திரும்பினர்.

போர் முடிந்தபின் துறைகள் பாலங்களாயின. 2009 ஒக்டோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் வெருகல் முதலிய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. நோயாளிக்கும் மாணவருக்கும் விவசாயிக்கும் இதனால் விளைந்த நன்மை அளவிறந்தது. ஆயினும் பாலம் வந்ததும் காத்திருப்பு மறைந்தது; காத்திருப்பை நம்பி வாழ்ந்த துறைக்கடைக்கு இருப்பதற்குக் காரணமும் மறைந்தது. வாகனங்கள் நிற்காமலே ஆற்றைக் கடக்கின்றன. உணவு இப்போது சந்திகளையும் பேருந்து நிலையங்களையும் நாடிச் செல்கின்றது. வழி மாறினால் வழிச்சோறும் இடம் மாறும் என்பது வரலாற்றின் நியதி.

அவ்வாறாயின் இன்று இக்கரைவழியே செல்லும் பயணி நல்லுணவை எங்ஙனம் தேடுவது? பெயர்ப்பலகையின் பருமனைப் பாராது, வாசலில் நிற்பவர் யாவர் என்று பார்த்தல் முதல் விதி. மீனவரும் பாரவண்டிச் சாரதிகளும் உழவரும் நாள்தோறும் உண்ணும் கடையிற் பழைய கறி தங்குவதில்லை. நாள்தோறும் வருபவரை ஒருவனும் நெடுநாள் ஏமாற்ற இயலாது. வேளை அறிந்து செல்லுதல் இரண்டாவது விதி. வலை கரையேறிய பின் சமைக்கும் மீனுக்கும், காலையில் அவிக்கும் பிட்டுக்கும், மாலையிற் போடும் ரொட்டிக்கும் தனித்தனி வேளை உண்டு. பட்டியலைக் கேளாது, இன்று களப்பிலிருந்து வந்தது யாது என்று கேட்டல் மூன்றாவது விதி. இறால் வந்த நாளில் இறாலும், வாராத நாளிற் கீரையும் உண்பவன் அந்நிலத்தின் விருந்தினன். நான்காவது விதி, எளியாரோடு ஒரே வாங்கில் அமர்வது. அவ்வாறு அமர்ந்தவன் காதில் விழும் பேச்சிலே நெல்லின் விலையும், ஆற்றின் நிலையும், திருவிழாவின் நாளும் தாமே வந்து சேரும்.

கோட்டைகளைக் கட்டியவர் பெயரைச் சரித்திர நூல்கள் காத்து வைத்துள்ளன. துறைமுகத்தின் மீது பறந்த கொடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அக்கொடிகளோடு வந்த மிளகாயும் பாணும் சம்பலும் தேயிலையும் மட்டும் இறங்காமல் மக்களோடு தங்கிவிட்டன. அவற்றை ஒரே தட்டில் இட்டு, வருபவன் யாவன் என்று வினவாமல் முன்வைக்கும் சிறுகடைக்காரனின் பெயரை எந்நூலும் எழுதவில்லை. ஆயினும் ஒரு நாட்டிற் சமத்துவம் எவ்வளவு தூரம் வந்துள்ளது என அளக்க விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தெருவோரக் கடையின் வாங்கில் யார் அருகில் யார் அமர்ந்து உண்கின்றார் என்று நோக்கினால் போதும்.